வளைந்த கையும் ஒரு தம்பியின் கேள்வியும்



சுங்கை பட்டாணிப் பக்கம் ஒரு தோட்டத்துக் கோயிலில் ஞாயிறுதோறும் சமய வகுப்பு எடுக்கிறேன். போன மாதம் வகுப்பு முடிகிற நேரத்தில் ஒரு தம்பி எழுந்து நின்றான். பதினாறு வயசு, பந்து விளையாட்டில் கெட்டிக்காரன். "அண்ணே, பலனை நினைக்காம வேலை செய்யணும்னு கீதையில இருக்குன்னு சொல்றீங்க. மூணு வருஷமா விடியறதுக்கு முன்னாடி ஓடுறேன். குழுவுல என் பேரே வரல. பலன் வேணாம்னா எதுக்கு ஓடணும்?"

எனக்கு உடனே பதில் வரவில்லை. நானும் லயத்து வீட்டில் வளர்ந்தவன்தான். அதே கேள்வியை அவன் வயசில் கேட்டிருக்கிறேன்.

அடுத்த ஞாயிறு முத்தையா முரளிதரனைப் பற்றிச் சொன்னேன். நம் தோட்டங்களில் கிரிக்கெட் பார்க்கிறவர்கள் குறைவு. டெஸ்ட் ஆட்டங்களில் அவர் எடுத்த விக்கெட் 800. உலகில் வேறு யாரும் அந்தக் கணக்கைத் தொட்டதில்லை. இது போதும். 1972-ல் கண்டியில் பிறந்தவர். அவருடைய தாத்தாவும் நம் பாட்டன்மார் மாதிரி தமிழ்நாட்டிலிருந்து தோட்ட வேலைக்குப் போனவர். இங்கே ரப்பர், அங்கே தேயிலை.

முரளிக்குப் பிறவியிலேயே வலது முழங்கை முழுசாக நீளாது. 1995 டிசம்பர் 26, மெல்பர்ன் மைதானம். பந்தை வீசாமல் எறிகிறார் என்று நடுவர் ஏழு முறை 'நோ பால்' கொடுத்தார். பல்லாயிரம் பேர் முன்னால் ஒருவனை ஏமாற்றுக்காரன் என்று சொன்ன மாதிரி! 1996-ல் ஆஸ்திரேலியாவிலும் ஹாங்காங்கிலும் அவர் கையைச் சோதித்து, குற்றமில்லை என்றார்கள். 1999-ல் அடிலெய்டில் திரும்பவும் அதே பழி. அன்றைக்கு அணித்தலைவர் அர்ஜுன ரணதுங்க ஆட்டக்காரர்களை எல்லைக்கோடு வரை கூட்டிக்கொண்டு போய் நடுவரோடு வாதாடினார். 2004-ல் இன்னொரு தடவை. கையில் கட்டைப் போட்டுக்கொண்டு கேமரா முன்னால் வீசிக் காட்டினார் முரளி. ஒவ்வொரு முறையும் சோதனைக்குக் கையைக் கொடுத்தார், திரும்பி வந்து பந்து போட்டார்.

பலனை நினைக்காதே என்றால் ஆசையே கூடாது என்றுதான் இத்தனை நாள் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். அது தப்பு. முரளிக்கு ஆசை இல்லாமல் இல்லை. 2010 ஜூலையில் இந்தியாவோடு மூன்று டெஸ்ட். அவர் கணக்கில் அப்போது 792. காலியில் நடக்கும் முதல் ஆட்டத்தோடு ஓய்வு என்று ஆட்டத்துக்கு முன்னாலேயே அறிவித்துவிட்டார். இன்னும் இரண்டு ஆட்டம் விளையாடியிருந்தால் யார் வேண்டாம் என்றிருப்பார்கள்? இரண்டாம் நாள் முழுக்க மழையில் போச்சு. கடைசி நாள் 799-ல் நிற்கிறார். லக்ஷ்மண் ரன் அவுட். அது வீச்சாளர் கணக்கில் சேராது. மிச்சம் ஒரே விக்கெட். கடைசி ஜோடியோ அசையவில்லை. ஜூலை 22, ஓஜா அடித்த பந்தை ஜயவர்தன பிடித்தார். முரளியின் டெஸ்ட் வாழ்க்கையில் அதுதான் கடைசிப் பந்து.

"அவருக்குக் கெடச்சிடுச்சே அண்ணே," என்றான் தம்பி.

"கெடைக்காமலும் போயிருக்கலாம். அது தெரிஞ்சுதான் நாளைக் குறிச்சார். 799-ல நின்னிருந்தா, பதினெட்டு வருஷம் போட்ட பந்து வீணாயிடுமா?"

அவன் சமாதானமாகிவிட்டான் என்று சொல்ல மாட்டேன். ரணதுங்க செய்த வேலை பெரியவர்களுடையது, அதை நாங்கள்தான் செய்ய வேண்டும் என்றும் சொன்னேன். அப்போது அவன் கேட்டது ஒன்றே ஒன்று: கோயில் திடலில் ஒரு விளக்கு. காலையில் இருட்டாக இருக்கிறதாம். இந்த மாத நிர்வாகக் கூட்டத்தில் கேட்கப் போகிறேன்.