அம்மா பாத்துக்குவா

பெரியம்மை உலகத்தை விட்டே ஒழிந்துவிட்டதாக உலகச் சுகாதார நிறுவனம் 1980 மே மாதம் அறிவித்தது. நோய் போய்விட்டது, மாரியம்மன் போகவில்லை. சிங்கப்பூர் சவுத் பிரிட்ஜ் சாலையிலும், பால்மரங்களை வெட்டிச் செம்பனை நட்டுவிட்ட நம் தோட்டங்களிலும் அவள் இன்னமும் உட்கார்ந்திருக்கிறாள்.

யோசித்துப் பார்த்தால் அவள் ஒரு வித்தியாசமான தெய்வம். நோயைத் தீர்ப்பவளும் அவள்தான், கொடுப்பவளும் அவள்தான். அம்மை கண்டால் நம் வீடுகளில் ‘அம்மா வந்திருக்கா’ என்றுதான் சொல்வார்கள். கொப்புளத்துக்குப் பெயர் முத்து. வாசலில் வேப்பிலை தொங்கும், வீட்டில் தாளிப்பு இருக்காது, தலைக்குத் தண்ணீர் ஊற்றும்வரை படுத்திருப்பவர்தான் வீட்டுக்கு நடு. ஆக, இந்த நம்பிக்கை ‘உனக்கு நோய் வராது’ என்று யாருக்கும் வாக்குக் கொடுக்கவில்லை. வந்ததற்குள்ளும் அவள் இருக்கிறாள், அதனால் வந்தவரைக் கைவிடாதே என்றுதான் சொல்லியிருக்கிறது. கடவுளை நம்புவது என்றால் எனக்கு முதலில் ஞாபகம் வருவது இதுதான்.

ஆனால் அதே நம்பிக்கை வேறு மாதிரியும் பேசும். 2021இல் என் அத்தை வாரம் மூன்று நாள் டயாலிசிஸுக்குப் போய்க்கொண்டிருந்தார். ஒவ்வொரு தடவையும் நான்கு மணி நேரம். கிளம்பும்போது நெற்றியில் திருநீறு, முகத்தில் இரண்டு முகக்கவசம். “பயமா இல்லையா அத்தை?” என்று கேட்டால், “அம்மா பாத்துக்குவா” என்பார். தடுப்பூசியை முதல் ஆளாகப் போட்டுக்கொண்டார். மாமா போடவில்லை. கடைக்குப் போவார், நண்பர்களோடு உட்கார்ந்து பேசுவார், முகக்கவசம் தாடையில் கிடக்கும். கேட்டால் அவரும் சொல்வார்: “அம்மா பாத்துக்குவாடா.”

ஒரே வீடு, ஒரே சாமி மாடம், ஒரே வார்த்தை. கடைசியில் அந்த வீட்டில் யாருக்கும் தொற்று வரவில்லை. “பாத்தியா, நான் சொன்னேன்ல?” என்றார் மாமா.

ஒன்றும் ஆகவில்லை என்பது அவர் செய்தது சரி என்பதற்குச் சாட்சியா? 1877இல் வில்லியம் கிளிஃபோர்ட் என்ற ஆங்கிலேயக் கணிதவியலாளர், நம்பிக்கையின் அறம் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். அதில் ஒரு கப்பல் முதலாளி வருகிறார். கப்பல் பழசு, பழுதுபார்க்க நிறையச் செலவாகும். இத்தனை தடவை பத்திரமாகப் போய்வந்த கப்பல்தானே, குடும்பம் குடும்பமாகப் போகிறவர்களை இறைவன் கைவிடுவானா என்று தன் சந்தேகத்தைத் தானே அமுக்கிவிட்டு அனுப்பிவைக்கிறார். கப்பல் நடுக்கடலில் மூழ்கிப்போகிறது. கிளிஃபோர்ட் இதோடு விடவில்லை. ஒருவேளை அந்தக் கப்பல் பத்திரமாகக் கரை சேர்ந்திருந்தாலும் முதலாளியின் குற்றம் கொஞ்சமும் குறையாது என்கிறார்.

இதுவரை அவரோடு ஒத்துப்போகிறேன். ஆனால் போதிய ஆதாரம் இல்லாமல் எதையும் நம்புவதே தவறு என்று அவர் முடிக்கும் இடத்தில் என்னால் கூடப் போக முடியவில்லை. அத்தையிடம் மட்டும் என்ன ஆதாரம் இருந்தது? இருந்தும் அவருடைய நம்பிக்கையில் எனக்கு எந்தத் தப்பும் தெரியவில்லை. அது அவரை ஊசியிலிருந்து ஊசிக்கு நடக்க வைத்தது. அதற்கான விலை எதுவானாலும் அவரே கொடுத்தார். மாமாவின் நம்பிக்கைக்கு விலை கொடுக்க வேண்டியிருந்தால், எதிர்ப்புச் சக்தி குறைந்துபோன அத்தைதான் முதலில் கொடுத்திருப்பார். அந்த முதலாளியும் கப்பலில் ஏறவில்லை, கரையில்தான் நின்றார்.

2021 ஜனவரி 28, தைப்பூசம். பத்துமலைக்குப் பக்தர்களை அனுமதிக்கவில்லை. ‘முருகனை விடவா இவங்களுக்குக் கிருமி பெருசு?’ என்று கோபப்பட்டவர்களை எனக்குத் தெரியும். அவர்கள் ஏக்கம் எனக்குப் புரிகிறது. ஆனால் காவடியின் நியாயத்தையே எடுத்துக்கொள்வோமே. என் வேண்டுதலுக்கு அலகு என் கன்னத்தில்தான் குத்தப்படும். பக்கத்து வீட்டுக்காரர் கன்னத்தில் குத்திவிட்டு நேர்த்திக்கடனைச் செலுத்திவிட்டேன் என்று யாரும் சொல்வதில்லை. கண்ணுக்குத் தெரியாத ஆபத்து இந்தக் கணக்கைத்தான் குழப்பிவிடுகிறது. என் மூச்சில் இருக்கும் அலகு யார் உடம்பில் போய் இறங்கும் என்று எனக்கே தெரியாது.

அத்தை போன வருடம் போய்ச் சேர்ந்தார். சிறுநீரகம்தான் காரணம். துக்கத்துக்கு வந்த ஒருவர், “இவ்வளவு கும்பிட்டாங்களே, அம்மா பாத்துக்கலையே” என்றார். வேறொருவர், எங்கேயோ ஒரு வேண்டுதல் பாக்கி இருந்திருக்கும் என்றார். முதலாவது கேள்வியை என்னால் தாங்கிக்கொள்ள முடிந்தது. இரண்டாவது பேச்சை முடியவில்லை. செத்துப்போனவர் மீதே குற்றத்தைச் சுமத்திவிட்டுச் சாமியைக் காப்பாற்றுகிற பேச்சு அது.

கடைசி மூன்று வாரம் அத்தையால் எழுந்து உட்கார முடியவில்லை. ராத்திரியெல்லாம் கட்டிலுக்குப் பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தவர் மாமாதான். ஈரப் பஞ்சால் உதட்டைத் துடைத்துவிடுவார். அந்த நாட்களில் அவர் ‘அம்மா பாத்துக்குவா’ என்று ஒரு தடவைகூடச் சொல்லி நான் கேட்கவில்லை. பார்த்துக்கொண்டிருந்தார்.