வாயில்லா நோயாளியும் வைத்தியரின் கடனும்

மனித வைத்தியத்தில் நோயாளி தன் நோவைத் தானே உரைக்கின்றான். சிகிச்சைக்கு இசைவதும் மறுப்பதும் பெரும்பாலும் அவனது உரிமை. மிருக வைத்தியத்திலோ நோவு ஓர் உயிருக்குரியது. பணமும் முடிவும் இன்னோர் உயிருக்குரியன. இவ்விரண்டுக்கும் இடையில் நிற்கும் வைத்தியர் யாருடைய பிரதிநிதி? செல்லப்பிராணி வைத்தியம் பெருவணிகமாகிவிட்ட இக்காலத்தில் இவ்வினா புதிய கூர்மை பெறுகின்றது.

1761 இல் பிரான்சின் லியோன் நகரில் முதலாவது மிருக வைத்தியக் கல்லூரி நிறுவப்பட்டபோது, குதிரையும் கால்நடையுமே முதன்மையாகக் கருதப்பட்டன. அவை உழைப்பின் கருவிகள். சிகிச்சைச் செலவை அவற்றின் விலையோடு ஒப்பிடுதல் எளிது. வீட்டு நாயின் பெறுமதியோ அன்பினால் அளக்கப்படுவது. அன்புக்கு மேலெல்லை இல்லை என்பதை வணிகம் நன்கு உணர்ந்துள்ளது.

1955 இல் அமெரிக்காவின் போட்லண்ட் நகரில் தனியொரு வைத்தியசாலையாகத் தொடங்கிய பான்பீல்ட், 2007 இல் மார்ஸ் நிறுவனத்தின் உடைமையாயிற்று. இன்று அதற்கு ஆயிரத்துக்கு மேற்பட்ட கிளைகள் உள்ளன. 2017 இல் மார்ஸ், வி.சி.ஏ. என்னும் மற்றொரு வைத்தியசாலைத் தொடரையும் ஏறத்தாழ 910 கோடி டொலருக்கு வாங்கியது. பெடிக்ரீ, விஸ்காஸ் முதலிய பிராணி உணவுகளும் அதனுடையனவே. பிரித்தானியாவில் 2013 இல் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு மிருக வைத்திய நிலையங்களே பெருங்குழுமங்களிடம் இருந்தன. பத்தாண்டுகளில் அப்பங்கு அரைவாசியைத் தாண்டியது. 2024 இல் அந்நாட்டின் போட்டி, சந்தை அதிகாரசபை இத்துறை பற்றி முறையான விசாரணையைத் தொடங்கியது.

இத்தொடர்களைத் தீமையின் உருவெனக் கொள்வது நேர்மையாகாது. மாதக் கட்டணத் திட்டங்கள் தடுப்பூசியையும் ஒழுங்கான பரிசோதனையையும் செலவைச் சிறுகச் சிறுகச் செலுத்திப் பெற வழிசெய்தன. தனி வைத்தியரும் கட்டணத்தால் வாழ்பவரே. ஆயினும் ஒரு வேறுபாடு உண்டு. வறியவர் ஒருவர் நாயுடன் வந்து நிற்கையில், தனி வைத்தியர் விரும்பினால் தமது ஊதியத்தை விட்டுக்கொடுக்கலாம். பெருநிறுவனத்தின் ஊழியராகிய வைத்தியருக்கோ கட்டணம் வேறோரிடத்தில் நிர்ணயிக்கப்படுகின்றது. இரக்கம் ஓரிடத்தில், இரங்கும் அதிகாரம் பிறிதோரிடத்தில்.

விலங்கின்பால் நமக்குள்ள கடமை உண்மையில் மனிதர்பாற்பட்ட கடமையே என்றார் கான்ற். அவ்வழிச் செல்லின், உரிமையாளரின் திருப்தியே வைத்தியத்தின் இலக்கு என வாதிக்க இடமுண்டு. துன்புறும் ஆற்றலே அளவுகோல் என்று 1789 இல் பெந்தம் முன்வைத்த கருத்தை ஏற்பின், இரு தவறுகள் புலனாகும். செல்வரின் நாய் பயனற்ற சிகிச்சையால் வேதனை நீட்டிக்கப்பட்டு வாழ்கின்றது. வறியவரின் நாய் குணப்படுத்தக்கூடிய நோயிருந்தும் கருணைக்கொலை செய்யப்படுகின்றது. இரண்டிலும் தீர்ப்பளித்தது நோயன்று, பணமே.

ஆகவே வைத்தியசாலை யாருடைய உடைமை என்பது மட்டும் வினாவன்று. “இச்சிகிச்சை வேண்டியதில்லை” என்றோ, “இவ்வுயிரைக் குறைந்த செலவிலும் காக்கலாம்” என்றோ அச்சமின்றிக் கூறும் சுதந்திரம் அங்குள்ள வைத்தியருக்கு உண்டா என்பதே வினா. பேச இயலாத நோயாளிக்காகப் பேசுவதற்கு அவரையன்றி வேறெவரும் அவ்வறையில் இல்லை.