விலக்கு வேறு, விலக்கி வைத்தல் வேறு

உஸூலுல் ஃபிக்ஹு எனும் சட்ட மூலக் கலையில் 'அஹ்லிய்யத்' என்றொரு பாடம் உண்டு. தகுதி என்று அதனைத் தமிழில் கூறலாம். அறிஞர்கள் அதனை இரண்டாகப் பகுத்தனர். உரிமைகளும் பொறுப்புகளும் ஒருவரைச் சார்வதற்கான தகுதி ஒன்று. அவர் தாமே ஆற்றும் செயல் சட்டப்படி செல்லுபடியாவதற்கான தகுதி மற்றொன்று. பின்னதற்கு அறிவு முதிர்ச்சி வேண்டும். முன்னதற்கோ மனிதராய் இருப்பதே போதும். கருவிலிருக்கும் சிசுவுக்குக்கூட வாரிசுப் பங்கை ஒதுக்கி வைக்கச் சொல்கிறது ஷரீஅத். மூளை வளர்ச்சி குன்றிய குழந்தையின் சொத்துக்கு ஜகாத் உண்டா என்பதில் மத்ஹபுகள் வேறுபடுகின்றன. ஷாஃபிஈகள் உண்டென்பர், ஹனஃபிகள் இல்லையென்பர். அந்தச் சொத்து அக்குழந்தைக்கே உரியது என்பதில் மட்டும் இரு சாராருக்கும் ஐயமில்லை.

மூவரைவிட்டு எழுதுகோல் உயர்த்தப்பட்டுவிட்டது என்ற நபிமொழியை நம் வீடுகளில் அறியாதார் இல்லை: உறங்குபவர், சிறுவர், அறிவு பேதலித்தவர். உயர்த்தப்பட்டது எந்த எழுதுகோல்? குற்றம் எழுதும் கோல். பற்றுக் கணக்கிலிருந்து கோலை எடுத்தது மார்க்கம். வரவுக் கணக்கிலிருந்தும் அதை எடுத்துவிட்டது நம் பழக்கம். "பாவம், அவனுக்குத் தொழுகையே கடமையில்லையே, ஓதி என்ன ஆகப்போகிறது?" என்று சொல்லி மக்தபுக்கு அனுப்பாமல் நிறுத்திவிடுகிறோம். அக்காளுக்குச் சம்பந்தம் பேச வருகிறார்கள் என்றால் அன்று முழுவதும் அவன் உள்ளறையில் இருக்கிறான். இரக்கத்தில் தொடங்கிய பேச்சு எங்கே வந்து நிற்கிறது, பார்த்தீர்களா?

இதன் கடைசி எல்லையை 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் கண்டோம். மனநலம் குன்றியோரைத் தங்கவைத்திருந்த ஒரு தனியார் விடுதியில் அதிகாலையில் தீப்பற்றியது. சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்ததால் ஓட முடியாமல் 28 பேர் மாண்டனர். அவர்களில் பலரை அங்கே கொண்டுவந்து விட்டவர்கள் பகைவர்களல்லர், சொந்த வீட்டார். எவ்வகையிலும் சங்கிலியிடலாகாது என்று 2017ஆம் ஆண்டின் மனநலச் சட்டம் தெளிவாகவே தடுத்துவிட்டது.

கண்பார்வையற்ற நபித்தோழர் இப்னு உம்மி மக்தூம் (ரலி) அவர்களின் வரலாற்றைச் சொல்லும்போது நாம் பெரும்பாலும் 'அபஸ' அத்தியாயத்தோடு நிறுத்திக்கொள்கிறோம். அதற்கு அப்பாலும் உண்டு. அழைத்துச் செல்ல ஆளில்லாததால் வீட்டிலேயே தொழுதுகொள்ள அவர் அனுமதி கேட்டார். நபிகள் பெருமானார் (ஸல்) அவர்கள் முதலில் அனுமதி தந்தார்கள். அவர் திரும்பிச் செல்கையில் அழைத்து, பாங்கோசை கேட்கிறதா என்று வினவினார்கள். கேட்கிறது என்றதும், அப்படியானால் வந்துவிடுமாறு கூறினார்கள். வழித்துணையில்லாத பார்வையற்றவருக்கு ஜமாஅத்திலிருந்து விலக்கு உண்டு என்பதே சட்ட அறிஞர்கள் பெரும்பாலோரின் முடிவு. அதனை நாம் மறுக்கவில்லை. ஆயினும், அந்த விலக்கைக் கேட்டு நின்றவர் அவர்தாம். எடுத்துக்கொள்வது அவருடைய உரிமை. கேளாமலே அதை அவர்மீது சுமத்தி வீட்டில் இருத்தும் உரிமை ஊராருக்கு இல்லை.

அவரே மதீனாவின் முஅத்தின்களில் ஒருவராகவும் இருந்தார். ரமளானில் பிலால் (ரலி) இரவிருக்கையிலேயே பாங்கு சொல்வார். உண்பதை நிறுத்த வேண்டியது இப்னு உம்மி மக்தூமின் பாங்கைக் கேட்டு. வைகறையைக் காண இயலாதவர் வைகறையை அறிவிப்பதா? "விடிந்துவிட்டது, விடிந்துவிட்டது" என்று மக்கள் அவரிடம் சொல்வார்கள். அதன்பின் அவர் அழைப்பார். வேலையை அவரிடமிருந்து பறித்துக் கண்ணுள்ளவரிடம் கொடுத்திருந்தால் எளிதாக முடிந்திருக்கும். மதீனத்து மக்கள் ஒரு சொல்லை மட்டும் கொடுத்தார்கள். பணியை அவரிடமே விட்டார்கள். ஆதரவு என்பதற்கு இதனினும் நல்ல விளக்கம் நாம் படித்த நூல்களில் கண்டதில்லை.

நம் காலத்தில், நம் நாட்டிலேயே இதற்குச் சான்று உண்டு. கடற்படை அதிகாரித் தேர்வுக்குச் சென்ற பொறியியல் மாணவர் எஸ்.ராமகிருஷ்ணன், 1975இல் அங்கு விழுந்து கழுத்துக்குக் கீழ் செயலிழந்தார். அவர் 1981இல் தென்காசியை அடுத்த ஆய்க்குடியில் அமர் சேவா சங்கத்தைத் தொடங்கினார். பின்னர் அவருடன் இணைந்த சங்கரராமனும் தசைச் சிதைவு நோயால் சக்கர நாற்காலியில் இயங்குபவரே. உதவி பெற வேண்டியவர் என்று உலகம் ஒதுக்கிய இருவர் உதவும் நிலையத்தை நடத்தினர். குழந்தை நிலையத்தைத் தேடி வரட்டும் என்று காத்திராமல், பயிற்சியாளர்களைக் கிராமத்து வீடுகளுக்கே அனுப்பியதைத்தான் நாம் அவர்களின் பெரிய பணியாகக் கருதுகிறோம்.

ஏனெனில் தூரம் எவ்வளவு கொடியது என்பது நகரத்தாருக்குப் புரிவதில்லை. நிலக்கோட்டை வட்டத்துச் சேவுகம்பட்டியை எண்ணிப் பாருங்கள். மல்லிகை விளையும் சமவெளி அது. மொட்டு விரியுமுன் பறித்தாக வேண்டுமாதலால் பூப்பறிக்கும் பெண்கள் இருள் பிரியுமுன்பே தோட்டத்தில் நிற்பர். அவர்களுள் ஒரு தாய்க்கு, எச்சமயத்தவராயினும் ஆகுக, நடை வராத பிள்ளை ஒன்று இருக்குமாயின் அவள் செய்வதென்ன? 2016ஆம் ஆண்டுச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளை ஏற்கிறது. குறைபாடு 40 விழுக்காடும் அதற்கு மேலும் உள்ள பிள்ளைக்கு 6 முதல் 18 வயது வரை இலவசக் கல்வியை உரிமையாக்குகிறது. கடுமையாகப் பாதிக்கப்பட்டோருக்கான மாதப் பராமரிப்புத் தொகையைத் தமிழக அரசு 2023இல் 2,000 ரூபாயாக உயர்த்தியது. எல்லாம் நல்லவையே. ஆனால் சான்றுக்கும் அட்டைக்கும் பிள்ளையை இடுப்பில் சுமந்து திண்டுக்கல்லுக்குப் பேருந்து ஏறும் ஒவ்வொரு நாளும் அவளுக்குக் கூலி போகிறது.

அவளுக்கு வேண்டியது ரமளானில் கிடைக்கும் ஒரு சேலையன்று. விண்ணப்பத்தை நிரப்பித் தர எழுதப் படிக்கத் தெரிந்த ஒருவர். மருத்துவர் குழு அமரும் நாளில் ஆட்டோ வாடகை. பூத்தோட்டத்தில் அவள் நிற்கும் நேரத்தில் பிள்ளையோடு இருக்க ஒரு பக்கத்து வீட்டார். ஜகாத் பெறத் தகுதியுடையார்க்கு ஜகாத்திலிருந்தும், மற்றவர்க்கு சதக்காவிலிருந்தும் இச்செலவைத் தாராளமாகச் செய்யலாம்.

மக்தபைப் பற்றி உஸ்தாதுமார்கள் கேட்பார்கள்: இப்பிள்ளைகளுக்கு ஓதிக்கொடுக்கத் தனிப்பயிற்சி வேண்டாமா? வேண்டும். ஒன்றிய வட்டார வள மையங்களில் அரசின் சிறப்பு ஆசிரியர்கள் இருக்கிறார்கள். காது கேளாத பிள்ளையை எங்கே அமர்த்துவது, கை நடுங்கும் பிள்ளைக்குப் பலகையை எப்படிப் பிடித்துக் கொடுப்பது என்று அவர்களிடம் சென்று கேட்டு வரலாம். அதற்கு நமக்கு ஒரு முற்பகல் போதும்.