மன்னிப்பு யாருடைய உரிமை?

திருகோணமலைத் துறைமுகத்தின் மறுகரையில், கிண்ணியாவிலோ மூதூரிலோ, ஒருவரின் மாடு அடுத்தவரின் வயலில் இறங்கினால் வாய்த்தகராறு கைகலப்பாகி பொலிஸ் முறைப்பாடு வரை போவது புதிதல்ல. சிறு காயம், அத்துமீறல், சொத்துச் சேதம் போன்ற இத்தகைய பிணக்குகளுக்கு 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்க மத்தியஸ்த சபைகள் சட்டம் நீதிமன்றத்துக்கு முன்னால் வேறொரு வாசலைத் திறந்தது. இரு தரப்பும் ஆளுக்கொரு மத்தியஸ்தரைத் தெரிவர். அவ்விருவரும் மூன்றாமவரைத் தவிசாளராக்குவர். தீர்ப்பு என்று ஒன்றில்லை. இணக்கம் வராவிட்டால் இணங்காமைச் சான்றிதழோடு நீதிமன்றம் போகலாம்.

குற்றவாளி தப்பிக்கும் குறுக்குவழி இது என ஏளனம் செய்வோருண்டு. நான் அவ்வாறு கருதவில்லை. ஸுல்ஹு நமக்கு அந்நியமானதல்ல. அஷ்ஷூரா அத்தியாயத்தின் 40ஆம் வசனம் தீமைக்கு ஈடான பதிலை அனுமதித்துவிட்டு, மன்னித்துச் சமாதானம் செய்பவரின் கூலியை அல்லாஹ்விடம் ஒப்படைக்கிறது. ஆனால் மன்னிக்கும் உரிமை அடிபட்டவருடையது. பள்ளிவாசல் நிர்வாகியுடையதோ ஊர்த் தனவந்தருடையதோ அல்ல. நாலுபேர் சூழ்ந்திருந்து, “விட்டுக்கொடுங்க தம்பி” என்று வாங்கும் சம்மதத்தை ஸுல்ஹு என்று சொல்ல எனக்கு நா எழவில்லை.

இன்னொரு வாசலும் நமக்குக் காட்டப்பட்டது. 2019 ஏப்ரல் 21 தாக்குதல்களின் பின் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் முஸ்லிம்கள் பலர் கைதாகினர். 2021 மார்ச்சில் வர்த்தமானியில் வெளியான ஒழுங்குவிதிகள், வழக்குத் தொடராமலே சந்தேகநபரை ஓராண்டு புனர்வாழ்வுக்கு அனுப்ப வழிசெய்தன. மேலும் ஓராண்டு நீடிக்கவும் இடமிருந்தது. உயர் நீதிமன்றம் அதே ஆண்டில் அவற்றுக்கு இடைக்காலத் தடை விதித்து, 2023இல் செல்லாதென்றது.

பெயரளவில் இரண்டுமே வழக்குக்கு மாற்று. ஆனால் மத்தியஸ்த சபையில் “இணங்கமாட்டேன்” என்றவர் எழுந்து வீடு போகலாம். தடுப்பிலும் விளக்கமறியலிலும் ஆண்டுக்கணக்கில் கிடப்பவருக்கு எந்த வீடு? அவர் குற்றமற்றவராயிருந்து, பிள்ளைகளின் முகம் பார்க்கவேண்டி “சரி” என்று தலையாட்டினால் அது பொய்யாகுமா? சித்திரவதையின் கீழ் நாவால் மட்டும் மறுத்த அம்மார் இப்னு யாஸிர் (ரழி) அவர்களை மார்க்கம் குற்றம் பிடிக்கவில்லை. அந்த மனிதரைப் பொய்யரென்று சொல்ல நானும் துணியேன். கேள்வி அவரிடமல்ல, அந்தத் தலையாட்டலைச் சம்மதமென்று பதிந்துகொள்பவரிடமே கேட்கப்படவேண்டும்.

வழக்கு நடந்தால் ‘நிரபராதி’ என்ற சொல்லாவது கிடைக்கக்கூடும். புனர்வாழ்வு பெற்றவருக்கு அச்சொல் ஒருபோதும் கிடைக்காது. 2009இன் பின் முகாம்களிலிருந்து திரும்பிய தமிழ் அயலவர்களைக் கேளுங்கள். விடுதலையான பின்னும் விசாரணைக்கென வீட்டுக் கதவு தட்டப்பட்ட கதையை அவர்கள் சொல்வார்கள்.