இரவல் கனவு

2023 ஆகஸ்டில் ராஜஸ்தானின் கோட்டா மாவட்ட நிர்வாகம், மாணவர் விடுதிகளின் மின்விசிறிகளில் சுருள்வில் பொருத்தும்படி உத்தரவிட்டது. மருத்துவ, பொறியியல் நுழைவுத்தேர்வுப் பயிற்சிக்காக அந்நகருக்கு அனுப்பப்பட்ட பிள்ளைகள் அடுத்தடுத்து உயிரை மாய்த்துக்கொண்டதே காரணம். அதே ஆண்டு நவம்பரில், பயிற்சி மையங்களைக் கட்டுப்படுத்தக் கோரிய வழக்கொன்றில், உச்ச நீதிமன்றம் பெற்றோரின் எதிர்பார்ப்பைத்தான் முதலில் சுட்டிக்காட்டியது. 2024 ஜனவரியில், 16 வயது நிரம்பாதோரைப் பயிற்சி மையங்கள் சேர்க்கக் கூடாதென மத்திய கல்வி அமைச்சகம் அறிவுறுத்தியது. விசிறியையும் வயதையும் திருத்த முனைந்தாயிற்று. பிள்ளைக்கு என்னவாக ஆசை என்ற கேள்விதான் இன்னும் பல வீடுகளில் எழவேயில்லை. ஒரு பிள்ளையின் தொழிலை அதன் விருப்பத்துக்கு மாறாகப் பெரியவர்கள் முடிவுசெய்வது, எத்தனை அன்போடு செய்தாலும், அறமன்று.

பெற்றோரின் உரிமைக்குச் சான்றாக மேடைகளில் எடுத்தாளப்படும் நூல்களே இதற்கு எதிராக நிற்கின்றன. மகனை அவையில் முந்தியிருக்கச் செய்வதே தந்தை அவனுக்குச் செய்யும் நன்மை என்று மக்கட்பேறு அதிகாரத்தில் சொல்லும் வள்ளுவர், எந்த அவை என்று வரையறுக்கவில்லை. தெரிந்து வினையாடல் என ஓர் அதிகாரமே வகுத்து, இந்த வினைக்கு உரியவர் இவர் என ஆராய்ந்து தெளிந்த பிறகே அதை ஒப்படைக்கச் சொல்கிறார். ஆளின் இயல்பறிந்து வேலை தருவது அரசனுக்கே கடமை என்றால் தகப்பனுக்கு அது குறையுமா? மணிமேகலைக் காப்பியமோ ஒருவரின் வாழ்வை யார் முடிவுசெய்வது என்ற கேள்வியையே கதையின் அச்சாக வைத்திருக்கிறது. கணிகையரின் குலத்தொழிலுக்குப் பேத்தி மணிமேகலையை இழுக்கிறாள் சித்திராபதி, புகாரின் இந்திர விழாவில் ஆடுவதற்கு அழைப்பு வருகிறது, தாய் மாதவி மறுக்கிறாள். தாய்தானே அங்கும் முடிவுசெய்தாள் என்று கேட்கலாம். தாய் வழியைத் திறந்துவிட்டாள், அவ்வளவே. வஞ்சி நகரில் பல சமயவாதிகளின் வாதங்களையும் தானே கேட்டு, எதிலும் நிறைவுறாமல், காஞ்சியில் பௌத்தத் துறவி அறவண அடிகளிடம் தெளிந்த பிறகுதான் மணிமேகலை தன் பாதையில் நிலைகொள்கிறாள். பிறப்பு விதித்த வாழ்வைக் கேள்வி கேட்ட ஒரு பெண்ணைக் காப்பியத் தலைவியாக்கிய மொழி நம்முடையது.

கனவு சோறு போடாது என்பார்கள். வறிய குடும்பங்களில் ஒரு பட்டம் வீட்டையே கரையேற்றுவது உண்மைதான். பெற்றோரின் அச்சத்தை ஏளனம் செய்யக் கூடாது. ஆனால் வீட்டுக்கு உழைத்துக் கொடுக்கும் கடமை பிள்ளைக்கு உண்டு என்பதிலிருந்து, இந்த ஒரு தொழிலில்தான் உழைக்க வேண்டும் என்ற கட்டாயம் பிறப்பதில்லை. பாதுகாப்பானது என்று சொல்லப்படும் பாதையும் அப்படியொன்றும் பாதுகாப்பானதல்ல. 2024இல் நீட் தேர்வு எழுதியோர் 23 லட்சத்துக்கும் மேல். அப்போது நாட்டில் இருந்த எம்பிபிஎஸ் இடங்கள் ஏறத்தாழ 1.08 லட்சம். கடன் வாங்கிப் பயிற்சிக் கட்டணம் கட்டிய குடும்பங்களில் மிகப் பலவற்றுக்கு மிஞ்சுவது அந்தக் கடன் மட்டுமே. தானாக விரும்பி எழுதித் தோற்றவன் மறுபடி எழுதுவான், அல்லது வேறு வழி தேடுவான். பிறர் கனவைச் சுமந்து தோற்றவனுக்கோ வீடு திரும்பும் முகமே இல்லாமல் போகிறது. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்கில் 2022இல் மட்டும் 13,000க்கும் அதிகமான மாணவர்கள் தற்கொலை செய்துகொண்டிருக்கிறார்கள். அத்தனைக்கும் காரணம் ஒன்றல்ல. ஆனால் வீட்டில் மனம்விட்டுப் பேச இடமிருந்திருந்தால் சில உயிர்களேனும் மிஞ்சியிருக்கும்.

அடுத்த நுழைவுத்தேர்வுக்கான விண்ணப்பம் விரைவில் வரும். அதை நிரப்புவதற்கு முன் ஒரு மாலைப்பொழுது பிள்ளையை அருகில் உட்காரவைத்து, அதன் விருப்பம் என்னவென்று கேளுங்கள். சொல்லி முடிக்கும்வரை குறுக்கே பேசாதிருங்கள்.