நல்வாழ்க்கையும் முன்பேர வணிகமும்



சென்ற பௌர்ணமியன்று தொம்மலூரில் நாம் நிகழ்த்திய அறவுரையின் முடிவில் இளைஞர் ஒருவர் எழுந்து வினா விடுத்தார்: "ஐயா, பகவன் விலக்கிய ஐந்து வணிகங்களுள் படைக்கல வணிகமும் ஒன்று என்றீர்கள். நான் கைப்பேசி வழியே செம்பு, அலுமினியம் ஆகியவற்றில் முன்பேரம் செய்கிறேன். போர் மூண்டால் இவற்றின் விலை ஏறும் என்பது என் கணக்கு. ஆயினும் உலோகத்தை நான் கண்டதுமில்லை, தொட்டதுமில்லை. என்மீது குற்றம் உண்டா?" அன்று நாம் விடை கூறவில்லை. சிந்தித்தபின் இதனை எழுதுகின்றோம்.

இவ்வணிகம் யாதென முதலில் காண்போம். 2003-ஆம் ஆண்டு மும்பையில் தொடங்கிய எம்.சி.எக்ஸ். சந்தையில் செம்பின் ஓர் ஒப்பந்தம் 2,500 கிலோ. அதன் விலையில் ஒரு சிறு பங்கை முன்பணமாகக் கட்டினாற் போதும். தவணை முடியும்வரை வைத்திருப்பவரே உலோகத்தைக் கொடுக்கவோ பெறவோ கடமைப்பட்டவர். அதற்குமுன் கணக்கை முடிப்பவர்க்கு விலை வேறுபாடு மட்டுமே இலாபம் அல்லது நட்டம்.

இதனை முழுதும் தீது என்று நாம் கூறோம். சொக்கநாதர் கோயிற் கல்வெட்டுகளில் நம் ஊர் தேசிமாணிக்கப்பட்டணம் எனவும் வழங்கப்பெற்றது. வணிகம் நமக்குப் புதிதன்று. பகவனின் இல்லற மாணாக்கருள் தலைசிறந்த அநாதபிண்டிகரும் வணிகரே. மின்கம்பி செய்வோர், மூன்று திங்கள் கழித்து வேண்டிய செம்பின் விலையை இன்றே உறுதி செய்வாராயின், அது மழைக்குமுன் கூரை வேய்வது போன்றது. உலோகமும் தன்னளவிற் படைக்கலம் அன்று. நிக்கல் சமையற் பாத்திரத்திலும் உண்டு, போர் விமானப் பொறியிலும் உண்டு.

அவ்வாறாயின் குற்றம் எங்கே? எண்ணமே வினை என்பது பகவன் வாக்கு. ஆகவே, கையை விடுத்து மனத்தைச் சோதிப்போம்.

2022 பிப்ரவரி 24-ஆம் நாள் உருசியா உக்ரைன்மீது படையெடுத்தது. மார்ச் முதல் வாரத்தில் டன் ஒன்றுக்கு 30,000 டாலருக்கும் குறைவாக இருந்த நிக்கல், 8-ஆம் நாள் இலண்டன் உலோகச் சந்தையில் ஒரு இலட்சம் டாலரைக் கடந்தது. விலை வீழும் எனப் பெருந்தொகைக்குப் பேரம் செய்திருந்த சீன நிறுவனம் ஒன்று திணறியதும் அதற்குக் காரணம். சந்தை நிறுத்தப்பட்டு, அன்றைய பேரங்கள் நீக்கப்பட்டன. அந்நாள்களில் ஊர்கள் எரிந்தன. தாய்மார் குழந்தைகளுடன் எல்லை கடந்தனர். அதே வேளையில், விலை இன்னும் ஏறாதா என ஏங்கிய கண்களும் இருந்தன.

பிறரைச் சுட்டும் நாம் நம்மை மறைத்தலாகாது. 1999-இல் கார்கில் போர் நடந்தபோது நாம் ஓர் ஆலையில் நூற்றுக்கொண்டிருந்தோம். படையினர் உடைக்கான துணிக்கு அவசர ஆணை வந்தது. இரவு மிகைவேலை, இரட்டைக் கூலி. போர் இன்னும் ஒரு திங்கள் நீளட்டும் என்று ஒருநாள் உணவு வேளையில் நாம் வாய்விட்டே கூறினோம். உடனிருந்த முதிய தொழிலாளி ஒருவர் சோற்றைப் பிசைவதை நிறுத்தி நம்மை நோக்கினார். அவர் மகன் பட்டாளத்தில் இருந்தான். அந்நோக்கு இன்றும் நம்மை விட்டகலவில்லை.

அன்று நாம் நூற்ற நூல் குளிரில் நின்ற ஒருவனுக்குச் சட்டையாயிற்று. உழைப்பு நற்பயன் தந்தது, விருப்பம் தீதாயிற்று. இளைஞரே, உம் பேரத்திலோ நூலுமில்லை, சட்டையுமில்லை. உழைப்பை நீக்கினால் எஞ்சுவது விருப்பம் ஒன்றே. அவ்விருப்பம் பிறர் அழிவை வேண்டி நிற்குமாயின், அதற்கு மறைவிடம் ஏது? நீர் விரும்புவதால் போர் மூளாது என்பது உண்மை. ஆயினும் நாள்தோறும் அதனை விரும்பும் மனம் உம்முடையது. அதனோடு வாழ்பவரும் நீரே.

ஆகவே நாம் கூறும் சோதனை எளிது. காலையில் சமாதானச் செய்தி வரும்போது உம் நெஞ்சம் மகிழ்கின்றதா, சுருங்குகின்றதா? சுருங்குமாயின், அத்தொழில் ஐந்தின் பட்டியலில் பெயரின்றி இருப்பினும், நல்வாழ்க்கைக்குப் புறம்பானதே. இலாபம் வந்தாலும் அது புறம்பானதே.

அவ்விளைஞர் சினங்கொள்ளாது அடுத்த பௌர்ணமிக்கும் வருவாராக. நாம் குற்றமற்றவராக நின்று இதனைக் கூறவில்லை. அம்முதியவரின் கண்களை நினைந்தே கூறுகின்றோம்.