பிள்ளை எழுப்பிய ஐயம்



வந்தவாசி, ஆரணி, செஞ்சி வட்டாரத்துச் சிற்றூர்களில் நம் பிள்ளைகள் ஜினாலயத்தின் நிழலிலேயே வளர்ந்தனர். அட்டமி, சதுர்த்தசி வந்ததை அடுப்படியே அவர்களுக்கு உணர்த்தியது. அறநெறியைத் தனியே கற்பிக்க வேண்டிய தேவை அன்று எழவில்லை. பிழைப்பை நாடித் திருப்பூர் சென்று பனியன் தொழிலில் அமர்ந்த நம் குடும்பங்களுக்கு அவ்வாய்ப்பு இல்லை. வடநாட்டிலிருந்து வந்து வணிகம் புரியும் சமண அன்பர்களோடு பழக்கம் உண்டெனினும், மொழியும் வழிபாட்டு முறையும் வேறு. ஆகவே அங்கு வாழும் சிலர், தம்முள் ஒருவர் இல்லத்தில் கூடி, நம்மை அறவுரை ஆற்ற அழைத்திருந்தனர்.

உரை முடிந்ததும் ஓர் அம்மையார் கேட்டார்: “ஐயா, பிள்ளைகள் எதற்கெடுத்தாலும் ஏன், ஏன் என்கிறார்கள். இவர்களை வற்புறுத்திப் பழக்குவதா? வளர்ந்தபின் தாமே விரும்பினால் ஏற்கட்டும் என்று விட்டுவிடுவதா?” இவ்வினா அவர் ஒருவருடையது அன்று, இன்று பல இல்லங்களில் கேட்கப்படுவது. நாம் விடை கூறத் தொடங்குமுன், பன்னிரண்டு அகவைச் சிறுவன் ஒருவன் எழுந்தான். “தாத்தா, தீர்த்தங்கரர் கேட்டதை எதுவும் கொடுக்கமாட்டார் என்கிறீர்கள். பிறகு எதற்காக வணங்க வேண்டும்?”

அரிய கேள்வி! அருகப் பெருமான் விருப்பு வெறுப்பு அற்றவர். வணங்குவோர்க்கு வரமும் வணங்காதார்க்குச் சாபமும் தருபவர் அல்லர். அவர்தம் குணங்கள் நமக்கும் வாய்க்க வேண்டும் என்பதற்கே வணங்குகின்றோம் என்றோம். அவன் தலையசைத்தான், முழுதும் ஏற்றதாகத் தோன்றவில்லை. அதில் குற்றமும் இல்லை. சமந்தபத்திர சுவாமிகள் ஆப்தமீமாம்சையில், தேவர் வருகையும் வான்வழிச் செல்கையும் மாயவித்தைக்காரரிடமும் காணக்கூடியவையே, அவற்றால் நீர் எமக்குப் பெரியவர் ஆகிவிடவில்லை என்று பெருமானையே முன்னிறுத்தி ஆராயத் தொடங்குகின்றார். பெரியோரே ஆராய்ந்து வணங்கினர் எனில், சிறுவன் கேட்பது எங்ஙனம் பிழையாகும்?

நற்காட்சியின் எட்டு உறுப்புகளுள் ஐயமின்மை முதலாவது. எனவே ஐயமே பாவம் எனக் கூறி வாயடைப்போர் உளர். அறிய விரும்பிக் கேட்பதையும், கேட்கவே மனமின்றி ஊசலாடுவதையும் அவர்கள் ஒன்றாக்கிவிடுகின்றனர். உயிர் உண்டோ என்னும் ஐயத்தோடு வந்த இந்திரபூதியே வர்த்தமானரின் முதற் கணதரராகிய கௌதமர் ஆனார். கொங்கு மண்ணில் சீனாபுரத்தோடு இணைத்துப் பேசப்படும் பவணந்தி முனிவரும், நன்னூற் பாயிரத்தில் மாணவன் பாடங்கேட்கும் முறையைக் கூறுமிடத்து, வினாவுதலையும் வினாவியதற்கு விடை கூறுதலையும் அதன் பகுதியாகவே வைத்தார்.

சிறுவன் அத்தோடு அமரவில்லை. “பாட்டி குழாயில் துணி கட்டித் தண்ணீரை வடிகட்டுகிறார். சிற்றுயிர்கள் சாகக்கூடாது என்று அந்தத் துணியையும் அலசி விடச் சொல்கிறார். அப்பா வேலை செய்யும் சாயப்பட்டறைத் தண்ணீர் முன்பு நொய்யலுக்குத்தானே போனது? அதிலிருந்த உயிர்கள்?”

கூடம் அடங்கிற்று. பெரியவர் ஒருவர், “மூத்தோரிடம் இப்படியா பேசுவது?” என்று அதட்டினார். சிறுவனின் தந்தை எழுந்து வெளித்திண்ணைக்குச் சென்றுவிட்டார். நமக்கும் உடனே விடை வரவில்லை என்பதை மறைக்க விரும்பவில்லை.

அவன் கேட்டது மெய். பருத்தித் துணியில் சாயம் ஏறி நிற்க உப்பு மிகுதியாக வேண்டும். நீரில் கரைந்த உப்பு சாதாரண வடிகட்டலில் நீங்காது. பல்லாண்டுகள் அந்நீர் நொய்யலில் கலந்தது. வேளாண்மைக்கென 1990களின் தொடக்கத்தில் முடிக்கப்பெற்ற ஒரத்துப்பாளையம் அணை சாயக்கழிவின் தேக்கமாயிற்று. அணைநீர் எங்கள் வயலுக்கு வேண்டாம் என உழவர்களே வழக்காடும் நிலை வந்தது. 2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் 700க்கும் மேற்பட்ட சாய ஆலைகளை மூட ஆணையிட்டது. அதன் பின்னரே, கழிவுநீரை ஆர்.ஓ. முறையில் பிரித்து மீண்டும் பயன்படுத்துவதும், எஞ்சிய உப்புநீரைக் காய்ச்சி வற்றவைப்பதும் தவிர்க்கவியலாதவை ஆயின.

நம்மவர் இதற்கு ஆயத்தமாக ஒரு விடை வைத்துள்ளனர். ஹிம்சை நான்கு வகை: ஆரம்பம், உத்தியோகம், விரோதம், சங்கல்பம். இவற்றுள் இல்லறத்தான் அறவே விலக்க வேண்டியது சங்கல்ப ஹிம்சை. தொழிலில் நேரும் உத்தியோக ஹிம்சை அவனுக்குத் தவிர்க்க இயலாதது. இது சரியே. ஆயினும் அத்தளர்வு, இயன்றவரை விழிப்போடு இருப்பவனுக்கு உரியது. தீங்கு நேரும் என்று அறிந்தும், செலவை மிச்சப்படுத்த எண்ணி மடையைத் திறப்பவன், தொழில் என்னும் சொல்லின் பின்னே ஒளிய முடியுமா? முடியாது என்பதே நம் துணிபு. இதைக் கூறியபோது அவையில் சிலர் முகம் சுளித்தனர்.

அப்போது தந்தை உள்ளே வந்தார். மகனைப் பார்த்து அன்று, தரையைப் பார்த்தே பேசினார். முன்னொரு காலத்தில் வேறொரு பட்டறையில் இருந்தபோது, மழை இரவுகளில் கழிவுநீரைத் திறந்துவிடும் சாவி தம்மிடமே இருந்தது என்றார். முதலாளி சொன்னார், திறந்தேன். சம்பளம் தேவைப்பட்டது என்றார். மகன் ஒன்றும் பேசவில்லை. நெடுநேரம் கழித்து, “இப்போது?” என்று மட்டும் கேட்டான். “இப்போது இருக்கும் இடத்தில் இல்லை. இனிமேல் யார் சொன்னாலும் திறக்கமாட்டேன்” என்றார் தந்தை. நாம் ஆற்றிய ஒருமணி நேர உரையைவிட அச்சிறுவனுக்கு இவ்விரு சொற்றொடர்களே பயன்பட்டிருக்கும்.

அம்மையாரின் வினாவிற்கு வருவோம். வளர்ந்தபின் தானே முடிவு செய்யட்டும் என்போர், அதுவரை பிள்ளை எதையும் கற்காது என எண்ணுகின்றனர் போலும். திருப்பூர் சும்மா இராது; ஷிப்மென்ட் நாளே திருநாள், பீஸ் ரேட்டே மந்திரம் என அது நாள்தோறும் கற்பித்துக்கொண்டே இருக்கும். எனவே பிள்ளையை ஜினாலயத்திற்கு அழைத்துச் செல்லுங்கள், பஞ்ச நமஸ்காரத்தைக் கற்பியுங்கள், பொழுது சாயுமுன் உடனமர்ந்து உண்ணுங்கள். இரவு ஷிப்டில் உள்ளவர் விடுமுறை நாளிலேனும் உண்ணலாம். ஆனால் அவன் கேட்கும்போது அதட்ட வேண்டா. தெரியாதெனில் தெரியாது என்க. நம் ஒழுக்கத்தைச் சுட்டிக் கேட்டால், அத்தந்தையைப்போல் நின்று விடை கூறுக.

மறுநாள் தந்தையும் மகனும் நம்முடன் இரயிலில் விஜயமங்கலம் வந்தனர். நெட்டைக் கோபுரம் எனப்படும் சந்திரப்பிரப தீர்த்தங்கரர் கோவிலைக் கண்டு வணங்கினோம். சிறுவன் கற்றூண்களைத் தடவிப் பார்த்தவாறே, “இவ்வளவு பெரிய கோவில் கட்டியவர்களின் பிள்ளைகள் எல்லாரும் எங்கே போனார்கள், தாத்தா?” என்று கேட்டான். சீனாபுரம் செல்லும் வழியெல்லாம் அதைப் பற்றியே பேசிக்கொண்டு சென்றோம்.